கண்டிப்பான கணக்கு மாஸ்டர் கிடைப்பாரா?

பெங்களூரு இராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தாய் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவரின் வேலை மாற்றலால் மூன்று வருடங்களுக்கு முன் கோவையிலிருந்து வந்த குடும்பம். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் 11-ஆம் வகுப்பு. ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதத்துடன் ஐந்தாவது பாடமாக இன்ஜினியரிங் கிராபிக்ஸ் (பொருட்களையும் இயந்திர பாகங்களையும் அளவோடு வரையும் பாடம்) எடுத்திருக்கிறாள். பத்தாவதில் கணக்கில் 91. இப்போது அரையாண்டில் 80-க்கு 27. ஜூனில் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடமே மாலை ட்யூஷனில் சேர்த்தார்கள். ஒரே ஹாலில் 22 பேர். போதவில்லை என்று ஆகஸ்டில் ஒரு கோச்சிங் சென்டரில் ஜேஇஇ (பொறியியல் நுழைவுத் தேர்வு) வகுப்புக்கு ஓராண்டுக் கட்டணம் 96,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினார்கள். ஆறு வாரத்தில் மகள் போக மறுத்துவிட்டாள். கட்டிய பணம் திரும்பாது என்று, கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுகிறார்கள். அப்புறம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தார். அதுவும் நின்றுபோனது.

இப்போது மகள், "எனக்குக் கணக்கு வராதும்மா" என்கிறாள். தேர்வு நாள் காலையில் வயிற்றுவலி வருகிறது. கணவர் காமர்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். மாமியார், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங் என்கிறார். "கண்டிப்பான, தமிழ் பேசுகிற, முடிந்தால் ஐஐடியில் படித்த ஒரு மாஸ்டரை எப்படித் தேடுவது? இன்ஜினியரிங் கிராபிக்ஸுக்கு ட்யூஷனே கிடைக்கவில்லை, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "நான் தமிழ் வழியில் பத்தாவது வரைதான் படித்தேன். மகளுக்கு உதவ முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது" என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு மகளின் அரையாண்டு விடைத்தாளில் ஆறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். இருபது வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு மாணவர் ஆலோசனைக்கு வந்தவள் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஆறு பக்கங்களை அதைவிட அதிக நேரம் பார்த்தேன். ட்யூஷன் மாஸ்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பெண் எங்கே போனது

இரண்டாம் பக்கத்தில் sin(A+B) என்பதில் அடைப்புக்குறிக்குள் இருந்த A-யையும் B-யையும் பிரித்து, 'சைன் A கூட்டல் சைன் B' என்று எழுதியிருக்கிறாள். நான்காம் பக்கத்தில் 2+3i-ஐ வர்க்கப்படுத்தச் சொன்னால் 4-ஐயும் 9i²-ஐயும் மட்டும் கூட்டி −5 என்று முடித்திருக்கிறாள். சரியான விடை −5+12i. ஐந்தாம் பக்கத்தில் x²+9-இன் வர்க்கமூலம் x+3 ஆகிவிட்டது. மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்கள். திருத்தியவர் மூன்று இடத்திலும் சிவப்பில் அடித்து 'ஃபார்முலா படி' என்று எழுதியிருக்கிறார். ஆனால் தவறு ஒன்றேதான். எந்தச் செயலையும் கூட்டலுக்குள் அப்படியே பிரித்துப் போட்டுவிடலாம் என்று அவள் கை நம்புகிறது. இந்த ஓட்டை 8, 9-ஆம் வகுப்பில் விழுந்தது. பத்தாவதில் மாதிரி வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் அது வெளியே தெரியவில்லை. பதினொன்றாவதில் திரிகோணமிதி, கலப்பெண், கூம்பு வெட்டிகள் என்று எந்தப் பக்கம் போனாலும் அதே ஓட்டையில் கால் மாட்டுகிறது.

மற்றபடி அவள் படிகள் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தெரிகிறது. இப்படி விடை எழுதுகிற பிள்ளையைக் கணக்கு வராதவள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல விடாதீர்கள். ஒரே ஒரு பழைய பழக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். முறையாக உட்கார்ந்தால் சில வாரங்களில் ஆகிற வேலை அது.

இதுவரை மூன்று இடத்தில் ட்யூஷன் வைத்துவிட்டீர்கள். அந்த மூவரில் யாராவது அவளுடைய பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 22 பேர் இருக்கிற ஹாலில் அதற்கு நேரம் இருக்காது. கோச்சிங் சென்டரில் அடுத்த அத்தியாயம் காத்துக்கொண்டிருக்கும். கல்லூரிப் பையனைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அவர் கடகடவென்று போட்டுக் காட்டுவார், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள்." அங்கேதான் கோளாறு. பேனா மாஸ்டரின் கையில் இருந்தால் கணக்கு மாஸ்டருக்குத்தான் பழகும்.

கண்டிப்பு, ஐஐடி, தமிழ்

கண்டிப்பானவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் காலத்தில் கணக்கு வாத்தியார் என்றால் பிரம்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும்; அதனால் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் மகளின் இன்றைய நிலையில் கண்டிப்பானவர் வந்தால் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்வாள்: புரியாவிட்டாலும் தலையாட்ட. நேரத்துக்கு வருவதிலும், கொடுத்த வேலையை விடாமல் கேட்பதிலும், நோட்டைத் திருத்தித் தருவதிலும் மாஸ்டர் எவ்வளவு வேண்டுமானாலும் கண்டிப்பாக இருக்கட்டும். தப்பாகப் போட்டதற்காகக் குரல் உயரக் கூடாது. தப்பைத் தைரியமாகக் காட்ட முடிகிற ஆளிடம்தான் அவளுடைய ஓட்டை வெளியே வரும்.

ஐஐடி பட்டம் அவர் நன்றாகக் கணக்கு போடுவார் என்பதற்குச் சான்று. பதினாறு வயதுப் பெண்ணுக்கு எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதற்கு அது சான்றாகாது. பி.எட். முடித்துப் பதினைந்து வருடம் 9-ஆம் வகுப்பு நடத்திய ஒருவர் உங்கள் மகளுக்கு அதிகம் பயன்படலாம். தமிழ் பேசுகிறவர் கிடைத்தால் நல்லதே. 'ஏன்' என்ற கேள்வியைப் பிள்ளைகள் வீட்டு மொழியில்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஆனால் அவள் தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில். பேச்சு தமிழில் இருந்தாலும் நோட்டில் ஏறுவது ஆங்கிலமாக இருக்கட்டும். பொறுமையான, கன்னடமும் ஆங்கிலமும் பேசுகிற ஒரு மேடம் கிடைத்தால் மொழிக்காக அவரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எங்கே தேடுவது, முதல் வகுப்பில் எதைப் பார்ப்பது

விளம்பரப் பலகைகளை விடுங்கள். உங்கள் பகுதியிலும் பக்கத்தில் கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கமும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் வீட்டில் நான்கைந்து பிள்ளைகளை வைத்துச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வருகிறவர்களிடமும் விசாரிக்கலாம். மகளின் பள்ளியில் இப்போது 12-ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேளுங்கள். "யார்கிட்ட போனா மார்க் வருது" என்று கேட்க வேண்டாம். "உங்க பொண்ணு யார்கிட்ட போய்த் தைரியமா சந்தேகம் கேக்குறா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் வேறு பெயர்கள் வரும்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். அந்த ஒரு வகுப்புக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் அவர்கள் தங்களை விற்கத்தான் பார்ப்பார்கள். வகுப்பில் புதுப் பாடம் வேண்டாம். அந்த விடைத்தாளின் இரண்டாம் பக்கத்தைக் கொடுத்து, "இதைப் பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காது கேட்கிற தூரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஒருவர், "இந்த ஃபார்முலா கூடத் தெரியாதா? பத்துத் தடவை எழுது" என்பார். இன்னொருவர், "A-க்கு 30, B-க்கு 60 போட்டுப் பாரேன்" என்று பேனாவை அவளிடமே கொடுப்பார். அவள் முறைப்படி, சைன் 30 என்பது 0.5, சைன் 60 ஏறத்தாழ 0.866, கூட்டினால் 1.366 வரும். ஆனால் 30-ம் 60-ம் சேர்ந்தால் 90, சைன் 90 என்பது 1. அதோடு சைன் ஒருபோதும் 1-ஐத் தாண்டாது என்று அவளுக்கே தெரியும். அந்த இடத்தில் அவள் முகத்தைப் பாருங்கள். தன் தப்பைத் தானே பிடித்த பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று தாய்க்குத் தெரியாமல் போகாது. இரண்டாவது ஆள் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை, அவரையே வையுங்கள்.

வகுப்பு முடிந்ததும் மகளிடம் "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள், உங்களுக்காக ஆமாம் என்பாள். "எத்தனை தடவை புரியலைன்னு சொன்னே?" என்று கேளுங்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல.

பேசி முடிக்கும்போது சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்:

- மாதக் கட்டணம் மட்டும். ஓராண்டுப் பணத்தை யாருக்கும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள், ஒன்றேகால் மணி நேரம் போதும். எட்டு வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நான்கு வரியாகப் போட்டு, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்டால் பிறகு மனஸ்தாபம் வராது.
- முதல் ஒரு மாதம் பாதி நேரம் பழைய ஓட்டைக்கு, பாதி நேரம் பள்ளியில் நடக்கும் பாடத்துக்கு. முழுக்கப் பின்னால் போனால் பள்ளியில் இன்னும் பின்தங்கி மனம் உடைவாள்.
- வகுப்பு ஹால் மேசையில் நடக்கட்டும். அறைக்குள் வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும், வீட்டில் ஒரு பெரியவர் இருக்கட்டும். ஆன்லைன் என்றாலும் இதே ஹால்தான். பாடச் செய்திகள் நீங்களும் இருக்கிற குழுவில் வரட்டும். இரவில் மகளின் எண்ணுக்குத் தனியாக வர வேண்டியதில்லை. வருகிறவரைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஆணோ பெண்ணோ, நல்ல ஆசிரியர் இந்த ஏற்பாட்டைத் தானே விரும்புவார். மகளிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: எதுவாவது சங்கடமாக இருந்தால் காரணம் சொல்லாமலே வகுப்பை நிறுத்தச் சொல்லலாம் என்று. 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குப் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பும் 1098 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன.

பள்ளி ஆசிரியரும் கோச்சிங் பணமும்

பள்ளி ஆசிரியரிடம் ட்யூஷனை நிறுத்தினால் இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பாரோ என்று பயப்படுகிறீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் படிப்புக்கானது. 11-ஆம் வகுப்பு விஷயத்தில் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் சங்கடப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். "சார், நேரம் ஒத்துவரலை, வீட்டிலேயே பார்த்துக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லி மாத இறுதியில் நின்றுவிடுங்கள். அதன் பிறகு வகுப்பில் வித்தியாசம் தெரிந்தால் தேதியோடு குறித்து வைத்து முதல்வரைச் சந்தியுங்கள்.

96,000 ரூபாயைப் போனதாக எழுதிவிடாதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தைக் கணக்கிட்டுப் பத்து நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் கணக்கில் மாதம் 8,000, ஒன்றரை மாதத்துக்கு 12,000, மீதி 84,000. வழிகாட்டுதல் என்பது சட்டத்துக்கு நிகரானதல்ல, மாநில அரசுகள் நடைமுறைப்படுத்த வேண்டியது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவதால் கேட்கிற தோரணையே மாறும். படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் கேள்வி கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

முதலில், விலகிய தேதியையும் கேட்கும் தொகையையும் எழுதி மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்டும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ரசீதையும் படிவத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். முழுத் தொகையும் கைக்கு வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்காமல் இருப்பது மட்டும் தவறு.

இதோடு இன்னொன்று. நீங்கள் எதற்காக ஜேஇஇ வகுப்பில் சேர்த்தீர்கள்? கடிதத்தில், "எப்படியும் இன்ஜினியரிங் தமிழ்நாட்டில்தான் சேர்ப்போம்" என்று ஒரு வரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. 12-ஆம் வகுப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப். தமிழ்நாட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் (நேட்டிவிட்டி) சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். கோவையில் இருக்கும் உறவினர் மூலம் அந்தச் சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்குங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மகளுக்கு வேண்டியது பள்ளிப் பாடத்தை அமைதியாக, ஆழமாகச் சொல்லித் தருகிற ஒருவர். மணிக்கணக்கில் ஓட்டமெடுக்கிற பேட்ச் அல்ல. பின்னால் அவளே விரும்பினால் ஜேஇஇ எழுதட்டும், தடையில்லை.

இன்ஜினியரிங் கிராபிக்ஸ்

இதற்கு ட்யூஷன் சென்டர் கிடைக்காது. எடுக்கிற பிள்ளைகள் குறைவு. ஆனால் பெங்களூரைப் போல இதற்கு ஆள் இருக்கிற ஊரும் குறைவு. எச்ஏஎல், பிஇஎல், எச்எம்டி, ஐடிஐ (இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை) என்று எத்தனை தொழிற்சாலைகள் இந்த ஊரில்! அவற்றில் டிராஃப்ட்ஸ்மேனாக (வரைபடம் வரைபவராக) வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஜீவன்பீமா நகரிலும் விமானபுரத்திலும் உங்கள் கே.ஆர். புரம் பக்கத்திலும் இருக்கிறார்கள், தமிழர்களும் உண்டு. இரண்டு கம்பிகளை இணைக்கிற நக்கிள் ஜாயின்ட்டை வெறும் படமாகப் பார்க்காமல் கையில் பிடித்து அளந்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு அப்படி ஒரு தாத்தா கிடைத்தார். முதல் நாள் பென்சிலையே எடுக்க விடவில்லை. ஒரு புதுச் சோப்புக் கட்டியைக் கத்தியால் படிக்கட்டு மாதிரி வெட்டி மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடி முன்னாலிருந்து பார், எழுந்து நின்று மேலிருந்து பார், பக்கவாட்டில் குனிந்து பார் என்றார். மேலிருந்து பார்த்ததை முன்தோற்றத்துக்குக் கீழே ஏன் வரைகிறோம் என்பது அன்றைக்கே அவளுக்குப் பிடிபட்டது. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மாதம் நான்கு வகுப்பு கிடைத்தாலே போதும். பாலிடெக்னிக் ஆசிரியர்களும் நல்ல வழி.

இந்தப் பாடத்தைச் சும்மா ஐந்தாவது பாடம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 30 மதிப்பெண் செய்முறைக்கு இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் பி.இ. முதல் வருடத்தில் மாணவர்கள் திணறுகிற அதே பாடம் இது.

கணவர், மாமியார், வயிற்றுவலி

காமர்ஸ் தாழ்ந்த படிப்பு இல்லை. அவளுக்கே அதில் விருப்பம் என்றால் நானே முன்னின்று மாற்றச் சொல்வேன். ஆனால் 27 மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து எடுக்கிற முடிவாக இது இருக்கக் கூடாது. எட்டு வகுப்பு வரை அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஒரு கதை சொல்லுங்கள். 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்துப் பட்டம் வாங்கிய அ. லலிதா, 18 வயதில் கணவரை இழந்தபோது கையில் பச்சைக் குழந்தை. அப்படியும் அவரைப் படிக்க வைத்தது அவருடைய வீடுதான்.

தேர்வு நாள் வயிற்றுவலியை நடிப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு இவை தொடர்ந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம், கட்டணம் இல்லை. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்றல் குறைபாடு பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடைத்தாளைப் பார்த்தவரை அதற்கு அவசரப்பட வேண்டாம் என்றே தோன்றுகிறது.

கடைசியாக, உங்களால் உதவ முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன் என்கிறீர்கள். அப்படியானால் 'முற்றொருமை' என்ற சொல் உங்களுக்கு நினைவிருக்கும். (a+b)² என்றால் என்ன என்று கரும்பலகை முன் நின்று ஒப்பித்திருப்பீர்கள். உங்கள் மகள் தடுக்கி விழுகிற இடம் சரியாக அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாளில் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டராக ஒரு சதுரம் வெட்டுங்கள். இரண்டு பக்கத்திலும் ஏழாவது சென்டிமீட்டரில் கோடு போட்டு நான்கு துண்டாக நறுக்குங்கள். 49 சதுர சென்டிமீட்டரில் ஒன்று, 9-இல் ஒன்று. அந்த இரண்டையும் மட்டும் அவள் முன் வைத்து, "பத்துப் பத்து நூறு. இதுல 58தான் இருக்கு. மீதி எங்கேடி போச்சு?" என்று கேளுங்கள். 21, 21 என்று மற்ற இரண்டு துண்டுகளும் உங்கள் கையில் இருக்கட்டும். அவள் கேட்கும் வரை கொடுக்காதீர்கள்.